பகடை உருண்ட பாதை – 14: பலகைக்காரன் பங்கு

சென்ற வாரம் கீழடியில் கிடைத்த தந்தப் பகடையோடு நிறுத்தியிருந்தேன். பகடை கிடைத்துவிட்டது. பந்தயத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை மண் சொல்லாது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் இந்த வாரம் கழக்கூட்டம்.

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில், நகரத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது ஊர். சரித்திரப் பிரியர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளை ஞாபகம் வருவார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரோடு மோதி அழிந்த எட்டு வீடுகளில் அவருடையதும் ஒன்று. சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலைப் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ராஜ்யத்தையே பந்தயம் வைத்து ஆடிய அந்த ஆட்டத்தை வேறொரு தொடருக்கு விட்டுவிடுவோம். இன்றைக்குக் கழக்கூட்டம் என்றால் டெக்னோபார்க். 1990-இல் தொடங்கிய அந்த வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி வேலை நடக்கிறது. வெளியே சாலையோரத்தில் லாட்டரித் தட்டிகள் நிற்கின்றன. இந்த இரண்டையும் விடப் பழைய மூன்றாவது ஆட்டம் ஒன்று, உற்சவ மாதங்களில் மட்டும் தலைகாட்டும். அதிலிருந்தே தொடங்கலாம்.

தை முதல் பங்குனி வரை தெற்குக் கேரளத்தில் கோயில் உற்சவங்களுக்குக் குறைவே இல்லை. மைதானத்தில் வெளிச்சம் குறைந்த ஓரத்தில், பலூன் கடைகளையும் வளையல் கடைகளையும் தாண்டி, ஒரு சிறு கூட்டம் குனிந்து நிற்கும். தரையில் விரித்த துணியில் ஆறு படங்கள். யானை, மயில், ஒட்டகம் எல்லாம் இருக்கும். அதனால் ‘ஆன மயில் ஒட்டகம்’ என்றே ஆட்டத்துக்குப் பெயர். பிடித்த படத்தின் மேல் காசை வைக்க வேண்டும். இதன் உடன்பிறப்புக்குக் ‘குலுக்கிக்குத்து’ என்று பெயர்: ஆறு முகத்திலும் ஆறு சின்னம் பொறித்த கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். கூவி அழைப்பவன் மலையாளியாக இருந்தாலும் அழைப்பு தமிழ்தான்: “வை ராஜா வை! ஒண்ணு வச்சா ரெண்டு!”

நம் ஊர்ப் பக்கம் இதே ஆட்டத்துக்கு லங்கர் கட்டை என்று பெயர். திருவிழா முடிந்த மறுநாள் செய்தித்தாளில், ‘லங்கர் கட்டை உருட்டிய நால்வர் கைது’ என்று மூலையில் ஒரு துணுக்கு வருமே, அதேதான். லங்கர் என்றால் நங்கூரம். நடுநாட்டுக் கோயில் திடலில் நங்கூரத்துக்கு என்ன வேலை? இங்கிலாந்துக் கடற்படை மாலுமிகள் கிரீடமும் நங்கூரமும் என்றொரு ஆட்டம் ஆடினார்கள். அதன் துணியில் கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டின் நாலு சின்னங்கள் என்று ஆறு கட்டங்கள். உருட்ட மூன்று கட்டைகள். கப்பல் நின்ற துறைமுகமெல்லாம் ஆட்டமும் இறங்கியது. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் சிப்பாய்கள் இதை ஆடினார்கள். வட இந்தியாவிலும் நேபாளத்திலும் ஜண்டி முண்டா, லங்கூர் புர்ஜா என்று பெயர் மாறியது. வியட்நாமில் புத்தாண்டுக்கு ஆடும் பாவ் குவாவில் நங்கூரம் போய்ச் சுரைக்காய், நண்டு, மீன், இறால், சேவல் வந்தன. பெர்முடா தீவில் ஒரு வேடிக்கை: வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ‘கப் மேட்ச்’ கிரிக்கெட் திருவிழாவின்போது மட்டும் இந்த ஆட்டத்துக்குச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். திருவிழா என்றால் கொஞ்சம் விட்டுப் பிடிப்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இனி கணக்கு. ஆட்டத்தை நடத்தும் பலகைக்காரன் ஏமாற்றுகிறான், கட்டைக்குள் ஈயம் வைத்திருக்கிறான் என்றெல்லாம் சொல்வார்கள். வைத்திருக்கவும் கூடும். ஆனால் அவன் ஈயம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்த ஆட்டத்தின் அழகு.

ஆறு படம், மூன்று கட்டை. மயிலில் ஒரு ரூபாய் வைக்கிறீர்கள். ஒரு கட்டையில் மயில் விழுந்தால் ஒரு ரூபாய் லாபம், இரண்டில் விழுந்தால் இரண்டு, மூன்றிலும் விழுந்தால் மூன்று. பார்க்கிறவனுக்கு இது பாதிக்குப் பாதி ஆட்டமாகத் தோன்றும்: ஆறில் மூன்று, அதற்கு மேல் இரட்டை விழுந்தால் போனஸ். உண்மையில் மூன்று கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 216. அவற்றில் மயிலே வராதவை 125. ஒரு மயில் வருபவை 75, இரண்டு வருபவை 15, மூன்றும் மயிலாவது ஒன்றே ஒன்று. எல்லா விதமும் ஒருமுறை விழுந்ததாக வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்: கைக்கு வரும் லாபம் 108 ரூபாய், கையைவிட்டுப் போவது 125. ரூபாய்க்கு ஏறக்குறைய எட்டுப் பைசா பலகைக்காரனுக்கு.

அந்த எட்டுப் பைசா எந்த நேரத்தில் அவன் பைக்குள் போகிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆறு பேர் ஆறு படத்திலும் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். மூன்று கட்டையும் மூன்று வேறு படங்களைக் காட்டினால், தோற்ற மூவரின் காசு ஜெயித்த மூவருக்குப் போகும்; பலகைக்காரனுக்கு ஒன்றும் இல்லை. இரட்டை விழுந்தால் தோற்றவர்கள் நால்வர், கொடுக்க வேண்டியது மூன்று ரூபாய், ஒன்று அவனுக்கு. மூன்றும் ஒன்றாக விழுந்தால் தோற்றவர்கள் ஐவர், கொடுப்பது மூன்று, இரண்டு அவனுக்கு. ஆக, கூட்டம் எப்போது “அடேயப்பா, இரட்டை!” என்று ஆர்ப்பரிக்கிறதோ, எப்போது ஜெயித்தவன் முதுகில் பக்கத்தில் நிற்பவன் தட்டுகிறானோ, அப்போதுதான் பலகைக்காரன் சம்பாதிக்கிறான். இதைக் கண்டுபிடித்தவன் கணக்கைக் காட்டிலும் மனித மனத்தை நன்றாகப் படித்தவனாக இருக்க வேண்டும்.

பலகையின் மகிமையை ராஜாக்கள் வெகு சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்றே ஓர் அதிகாரி வருகிறார், த்யூதாத்யட்சர் என்று. அவர் நடத்தும் இடத்தில்தான் ஆட வேண்டும்; வேறெங்கும் ஆடினால் பன்னிரண்டு பணம் அபராதம். பகடையைக் கொடுப்பவரும் அவரே. ஜெயித்தவனிடம் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு, பகடைக்கு வாடகை, இடத்துக்கும் தண்ணீருக்கும் கட்டணம் என்று தனித்தனியாக வாங்கிக்கொள்வார். சூது கூடாது என்று அரசர் சொல்லவில்லை, என் கூரைக்குக் கீழே ஆடு என்றார். ஐந்து சதவீதம், உற்சவத் திடல்காரனின் எட்டைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவுக்கு இந்தப் புத்தி பதினைந்தாம் நூற்றாண்டில் வந்தது. 1445-இல் ஃபிளாண்டர்ஸ் பக்கத்து ஸ்லூயிஸ் நகரம் கோட்டைச் சுவர் கட்டப் பரிசுச் சீட்டு விற்றது. எலிசபெத் மகாராணி 1567-இல், துறைமுகங்களைச் செப்பனிட, பத்து ஷில்லிங் விலையில் நாலு லட்சம் சீட்டு அறிவித்தார். குலுக்கல் நடந்தது 1569-இல்தான். கல்கத்தாவின் டவுன் ஹால் 1813-இல் எழும்பியது லாட்டரிப் பணத்தில். திருவிதாங்கூரும் விலக்கல்ல. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1870-களில், சுசீந்திரம் கோயில் கோபுர வேலைக்காகப் பரிசுச் சீட்டு விற்றார்கள். அடித்தளம் போட்டு முன்னூறு வருடத்துக்கு மேலாக முடியாமல் நின்ற கோபுரம் அது. 1888-இல்தான் முழுமை அடைந்தது. நாகர்கோவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

குலுக்கல் என்று வந்தால் அடுத்த கேள்வி, பானைக்குள் யார் கை? உலகம் முழுக்க இதற்கு ஒரே பதிலைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்: குழந்தையின் கை. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தவை, 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, குடும்புவாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. இன்றும் சபரிமலை மேல்சாந்தியைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். ஐப்பசி முதல் நாள் சந்நிதியில் இரண்டு குடங்கள் வைக்கிறார்கள். ஒன்றில் தகுதி பெற்றவர்களின் பெயர்ச் சீட்டுகள். மற்றதில் ஒரு சீட்டில் மட்டும் மேல்சாந்தி என்று எழுதி, மீதி எல்லாம் வெற்றுச் சீட்டுகள். பந்தளம் அரண்மனையிலிருந்து வரும் குழந்தை இரண்டிலிருந்தும் மாறி மாறி எடுக்கிறது. பெயரும் பதவியும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் ஒரு வருடத்துக்கு அவர் ஐயப்பனுக்கு அர்ச்சகர். பந்தயமும் இல்லை, பலகைக்காரனும் இல்லை. அதிர்ஷ்டம் மட்டும் இருக்கிறது. அதை அங்கே அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்பெயினில் சான் இல்டெஃபோன்சோ பள்ளியின் பிள்ளைகள் 1771-இலிருந்து லாட்டரி எண்களை எடுத்து ராகம் போட்டுப் பாடுகிறார்கள். லண்டனில் அரசு லாட்டரிக்குக் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியின் நீலச்சட்டைப் பையன்கள். குழந்தை கை கறைபடாதது என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. 1775-இல் ஒரு பையனுக்குக் காசு கொடுத்துச் சீட்டை ஒளித்துவைக்கச் செய்தார்கள். உடனே கஜானாவிலிருந்து உத்தரவு போயிற்று: பையனின் சட்டைப் பைகளைத் தைத்துவிட வேண்டும், சீட்டு எடுக்காத கையைப் பின்னால் இடுப்புக்கச்சையில் செருகியிருக்க வேண்டும், எந்தப் பையன் எடுக்கப் போகிறான் என்பது அன்று காலைவரை வெளியே தெரியக் கூடாது. அந்த லாட்டரி 1826-இல் நின்றது.

கேரள லாட்டரியில் குழந்தைக்குப் பதில் இயந்திரம். கழக்கூட்டத்திலிருந்து நகரத்துக்குள் போனால், பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் கோர்க்கி பவன். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு நடுவர் குழு முன்னால் அங்கே சக்கரங்கள் சுழலும். ரஷ்யப் பாட்டாளி எழுத்தாளர் பெயரில் இருக்கிற கட்டடத்தில் லாட்டரி குலுக்குவது வேறெந்த மாநிலத்துக்கும் தோன்றியிருக்காது.

இந்த லாட்டரியைத் தொடங்கியதும் கம்யூனிஸ்ட் அரசாங்கம்தான். 1967-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்சு கொண்டுவந்த யோசனை இது. தனியார் லாட்டரிகளுக்குத் தடை போட்டுவிட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக மாநில அரசே லாட்டரித் துறை தொடங்கியது. 1967 நவம்பர் 1, கேரளம் பிறந்த நாளன்று சீட்டு விற்பனை ஆரம்பம். விலை ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். 1968 ஜனவரி 26 அன்று குலுக்கல். கஜானாவுக்குப் பணம் என்பது ஒரு காரணம்; உடல் ஊனமுற்றவர்களுக்கும் வேறு வேலை செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு பிழைப்பு என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் வெறும் பேச்சாகப் போகவில்லை. கழக்கூட்டம் சந்திப்பில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே தெரியும். 2011-இல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது வந்த காருண்யா லாட்டரியின் லாபம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போனது. அதனால் பல மலையாளிகளுக்குச் சீட்டு வாங்குவது சூதாட்டமாகவே படுவதில்லை.

தட்டியில் சீட்டுகள் கிளிப்பில் வரிசையாகத் தொங்கும். கடைக்காரர் முதலில் கேட்பது, “கடைசி நாலு நம்பர் எது வேணும்?” சிறிய பரிசுகள் எல்லாம் கடைசி நாலு இலக்கத்தை வைத்துத்தான் விழுகின்றன என்பதால், வாங்குகிறவர்கள் மீதியைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையின் பிறந்த நாள், பைக்கின் நம்பர் என்று ஆளுக்கொரு கணக்கு. ஒரே கடைசி நாலு இலக்கம் உள்ள, வரிசை எழுத்து மட்டும் மாறுகிற சீட்டுகளை மொத்தமாக வாங்குவதற்குச் ‘செட்’ என்று பெயர். அடித்தால் எல்லாம் அடிக்கும். ஐயாயிரம் வரை விழுந்தால் கடையிலேயே காசு. பெரும்பாலும் அந்தக் காசு கடையைத் தாண்டுவதில்லை, நாளைய சீட்டாக மாறிவிடும்.

இப்போது சீட்டு ஐம்பது ரூபாய். ஜிஎஸ்டி 2020 மார்ச்சிலிருந்து 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40. வரி விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் ஐம்பதில் சுமார் பதினான்கு ரூபாய் வரியாகப் போகிறது, ரூபாய்க்கு 28 பைசா. முகவர் கமிஷனும் அரசின் ஆதாயமும் தனி. உற்சவத் திடலில் எட்டுப் பைசா எடுப்பவனைப் பிடிக்க மப்டியில் போலீஸ் வருகிறது. அரசாங்கம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று வாதிடலாம். திடல்காரன் ஒரு ராத்திரியில் நூறு தடவை குலுக்குவான், வைத்த காசு நூறு தடவை தேயும்; லாட்டரி நாளைக்கு ஒருமுறைதான். திடல்காரன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டப் போவதுமில்லை. வாதம் சரிதான். ஆனால் விலையைப் பற்றிப் பேசினால், அரசுப் பலகைதான் அதிக விலை.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. கேரளத்தைப் பார்த்து 1968-இலேயே அண்ணா அரசு பரிசுச் சீட்டு தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியை முற்றாகத் தடை செய்தார். அப்புறம் என்ன ஆயிற்று? வாளையாறு எல்லையைத் தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடைகள். 2023 திருவோணம் பம்பரில் எழுபது லட்சத்துக்கும் மேல் சீட்டு விற்று, இருபத்தைந்து கோடி முதல் பரிசு விழுந்தது வாளையாறில் விற்ற சீட்டுக்கு. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர். ஐந்நூறு ரூபாய்ச் சீட்டை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியவர்கள்.

எல்லை தாண்டுவது சீட்டு மட்டுமல்ல, எண்ணும்தான். கோர்க்கி பவனில் விழும் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் துண்டுச் சீட்டில் எழுதி நடப்பது மூன்று நம்பர் லாட்டரி. இதற்கு அச்சடித்த சீட்டு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், நடுவர் வேண்டாம். எங்கோ நேர்மையாக நடக்கும் ஒரு குலுக்கலின் முடிவு போதும். அரசாங்கத்தின் நேர்மையை இலவசமாக இரவல் வாங்கிக்கொண்டு, பலகையை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொள்கிறான் நடத்துகிறவன். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே இந்தக் கடனில் அழிந்தபோது தமிழ்நாடு சில நாட்கள் திடுக்கிட்டது. பிறகு மறந்தது.

மீண்டும் கழக்கூட்டம், இந்த முறை சாலையின் அந்தப் பக்கம், டெக்னோபார்க். தட்டியில் சீட்டு வாங்குவதை ஏளனமாகப் பார்க்கும் படித்த இளைஞர்களுக்குக் கைபேசியில் ரம்மி வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியை 2021 பிப்ரவரியில், 1960-ஆம் வருடத்துக் கேரள சூதாட்டச் சட்டத்தின் கீழ் அரசு தடை செய்தது. ரம்மி திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று நிறுவனங்கள் வாதாடின. அதே வருடம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு நளன் காலத்திலிருந்து நடக்கிறது, அதற்குள் போகவில்லை. ஆனால் ஒரு விஷயம். திறமையில் ஜெயித்தாலும் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தாலும், மேஜை போட்ட நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஜெயித்தவன் திறமைசாலி என்று நிரூபிக்க வக்கீல் வைத்தவர்கள், அந்தப் பங்கை எடுக்க எந்தத் திறமையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

2025-இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது; ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையே அதில் இல்லை. கேரளத்துக் காகிதச் சீட்டு அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அது இணையத்தில் விற்கப்படுவதில்லை.

எங்கோ விழும் எண்ணை வைத்து இங்கே சூதாடும் வித்தையை மூன்று நம்பர்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை தந்தியில் பம்பாய்க்கு வந்த காலத்திலேயே அது பிறந்துவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இன்றும் அதைக் காட்டன் சூதாட்டம் என்றே சொல்கிறார்கள். அடுத்த வாரம் பம்பாய் வொர்லி, 1962, கல்யாண்ஜி பகத்தின் மண்பானை.